ஒட்டி மூடிய கேசட் கூட்டைத் திறக்க உதவி தேவை

பதினைந்து வயதில் ராக் இசையை எனக்கு அறிமுகப்படுத்திய கேசட், இப்போது ஓடத் தொடங்கிய பத்து நிமிடங்களில் கிறீச்சிட்டு வேகம் குறைய, பாடும் குரல் இழுபடுகிறது. பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் 1973ஆம் ஆண்டு ஆல்பமான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ இசைத்தட்டிலிருந்து, 1987இல் என் அண்ணன் பதிவு செய்து தந்தது அது. ஃபெர்ரிக் வகை (இரும்பு ஆக்சைடு பூசிய நாடா) சி-90, அதாவது மொத்தம் 90 நிமிடக் கேசட். பக்கத்துக்கு 45 நிமிடம் என்பதால் ஆல்பம் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கியது. அண்ணன் தட்டைத் திருப்பிப் போட்டபோது முள் விழுந்த ‘டொக்’ ஓசையும், அடுத்த பாட்டான ‘மணி’யில் நாணயங்கள் குலுங்கத் தொடங்கும் வரையிலான கரகரப்பும் இதில் மட்டுமே இருப்பதால், வேறெந்தப் பிரதியும் எனக்கு இதற்கு ஈடாகாது.

சிக்கல் தொடங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டையும், நாடாவை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரையும் துடைத்தேன். நாடாவை இருமுறை முழுவதுமாக முன்னும் பின்னும் ஓட்டினேன். வேறொரு டெக்கிலும் (கேசட் ஓட்டும் கருவி) போட்டுப் பார்த்தேன். மற்ற கேசட்டுகள் இரண்டிலும் நன்றாக ஓடுவதால், கோளாறு கூட்டில்தான் என்று கருதி, நாடாவைத் திருகாணி வைத்த புதிய கூட்டுக்கு மாற்ற எண்ணுகிறேன். ஆனால் பழைய கூடு திருகாணியின்றி ஒட்டப்பட்டது.

நாடாவில் கீறலோ மடிப்போ விழாமல் இந்தக் கூட்டைப் பிளக்க, எந்த இடத்தில், எந்தக் கருவியால் தொடங்க வேண்டும்?