குவாங்சோவில் அஞ்சு நாள்: ஃபேன்சி சாமான், லேஸ் எங்கே எடுக்கலாம்?

சின்னக்கடை ஃபேன்சி (சேலம்):
வணக்கம்ங்க. சின்னக்கடை வீதியில ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கோம். இதுவரைக்கும் சென்னை பாரிமுனையிலதான் மொத்த சரக்கு. அக்டோபர் கடைசியில, கான்டன் ஃபேர்ங்கற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கறப்போ, சீனாவுல குவாங்சோ போறதா இருக்கோம். கையில அஞ்சு நாள்தான். ஹேர் க்ளிப், பேண்டு, ஃபேஷன் நகை, ஹேண்ட்பேக், கிஃப்ட் ஐட்டம் வேணும். கூட வர்ற தம்பிக்கு இளம்பிள்ளையில சேலை வியாபாரம், லேஸும் கல் வச்ச பார்டரும் பார்க்கணுங்கறான். எந்த ஏரியா, எத்தனை மணிக்கு, பணம் எப்படி, சரக்கு எப்படி ஊருக்கு வரும்? தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க.

லீபஜார் மூட்டை:
அண்ணா, ஃபேர் வேற, மார்க்கெட் வேற. ஃபேர் பாசோ மைதானத்துல நடக்கும், கடை போடறது பெரும்பாலும் ஃபேக்டரிக்காரங்க. கார்ட்டன் கணக்குலதான் பேசுவாங்க. மூணு கட்டம்: அக்டோபர் 15-19 எலக்ட்ரானிக்ஸ், மெஷின், 23-27 வீட்டுச் சாமான், கிஃப்ட், அலங்காரம், 31-நவம்பர் 4 துணி, பேக், பொம்மை. உங்க கிஃப்ட் ஐட்டம் ரெண்டாம் கட்டத்துல வருது. அதனால 26-30 வச்சுக்கோங்க. 26, 27 ஃபேர், 28லிருந்து 30 வரை மார்க்கெட். அந்த மூணு நாளும் ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கற இடைவெளி. ஃபேர் நாள்ல ஏறிக் கிடக்கற ரூம் வாடகையும் அப்போ கொஞ்சம் இறங்கும்.

ரூமை ஹைஜு ஸ்கொயர் பக்கம் போடுங்க. மெட்ரோ 2, 6 ரெண்டும் அங்கே சந்திக்குது. ஸ்டேஷன் பக்கத்துலயே ஒன்லிங்க் பிளாசாங்கற மொத்த வியாபாரக் கட்டடம். மாடி மாடியா க்ளிப், ஹேர் பேண்டு, கிஃப்ட், அலங்காரச் சாமான். வெளியே வந்து யீடெ ரோட்டுல நடந்தா பொம்மை, ஸ்டேஷனரி, நடுவுல கருவாட்டுக் கடைங்க. நம்ம சேலம் லீ பஜார் மாதிரி, ஒரு சரக்குக்கு ஒரு வரிசை. ஃபேஷன் நகைக்கும் அதுக்கான உதிரி பாகத்துக்கும் தைகாங் ரோடு, அதுவும் பக்கந்தான். மணி, கல், கோக்கற சாமான்னா லிவான் பிளாசா, லைன் 1ல சாங்ஷோ லு ஸ்டேஷன். பேக்குக்கு லைன் 2ல வடக்கே போய் சான்யுவான்லியில இறங்கி குய்ஹுவாகாங். அங்கே பிராண்டு பேர் போட்ட டூப்ளிகேட்டைத் தொடாதீங்க. இங்கே கஸ்டம்ஸ்ல பிடிச்சா மொத்த சரக்கும் நிக்கும்.

நேரம் முக்கியம். ஒன்லிங்க் பக்கம் காலை 10லிருந்து மாலை 5 வரைக்கும் நம்பிப் போகலாம். ரெடிமேட் துணி பார்க்க ஷிசான்ஹாங் போனா மதியத்துக்குள்ள முடிச்சிரணும். விடிகாலையில ஆரம்பிக்கற வியாபாரம் அது, மத்தியானம் போனா மூட்டை கட்டற சத்தம்தான் கேக்கும்.

வெள்ளிப்பட்டறை செவ்வாய்ப்பேட்டை:
நகை எடுக்கறப்போ கையில ஒரு சின்னக் காந்தம் வச்சுக்கோங்க. செயினை ஒட்டிப் பார்த்தா இரும்பு அடியா, பித்தளை அடியான்னு அங்கேயே தெரிஞ்சுரும். இரும்பு அடின்னா நம்ம ஊர் வேர்வையில முலாம் போன இடத்துல துரு வந்துரும். காந்தம் ஒட்டலேங்கறதால மட்டும் பித்தளைன்னு நம்பவும் கூடாது, ஜிங்க் அலாயும் ஒட்டாது. அது அடர்த்தி கம்மி, அதே அளவுக்குக் கையில லேசா இருக்கும், வளைச்சா பட்டுனு முறியும். அதனால ஒரு பீஸை விலை கொடுத்து வாங்கி வளைச்சுப் பாருங்க. காதுல போடற ஐட்டத்துக்கு நிக்கல் டெஸ்ட் கிட் கொண்டு போங்க. கிட்ல இருக்கற மருந்தை ரெண்டு சொட்டு விட்ட பஞ்சால தேய்ச்சா, நிக்கல் இருந்தா பஞ்சு ரோஸ் நிறமாகும். அரிப்பு வருதுன்னு திரும்பி வர்ற கம்மல்ல பெரும்பாலும் நிக்கல் பிரச்சினைதான்.

விலையைக் கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டுவாங்க. அது பீஸ் விலையா டஜன் விலையா, யுவானா டாலரான்னு ஒவ்வொரு தடவையும் கேளுங்க. ஒரு அட்டையில 12 ஜோடி குத்தியிருந்தாலும் விலை ஒரு ஜோடிக்கா இருக்கலாம். பிஃபான்னா மொத்தம், லிங்ஷோன்னா சில்லறை. பிஃபா விலைக்கு ஒரு டிசைன்ல எத்தனை டஜன் எடுக்கணும், கலர் கலந்து எடுக்கலாமான்னு முதல்லயே பேசிருங்க.

அட்வான்ஸ் ரசீது விஷயத்துல ஏமாறாதீங்க. டிங்ஜின்ங்கற சத்தத்துல ரெண்டு சொல் இருக்கு. முதல் எழுத்து மேல வீட்டுக் கூரை மாதிரி இருந்தா அது கட்டுப்படுத்தற அட்வான்ஸ். நீங்க பின்வாங்கினா பணம் போச்சு, அவர் பின்வாங்கினா ரெட்டிப்பாத் தரணும். சட்டப்படி அது மொத்த விலையில 20 சதவீதத்துக்கு மேல செல்லாது. முதல் எழுத்துல கூரை இல்லாம, இடப்பக்கம் தனியா ஒரு புள்ளியும் அதுக்குக் கீழ ஒரு கொக்கிக் கோடும் நின்னா அது வெறும் முன்பணம், வியாபாரம் முறிஞ்சா திருப்பிக் கேக்கலாம். ரசீதை போட்டோ எடுத்து மொழிபெயர்ப்பு ஆப்புல போட்டுப் பார்த்துட்டே பணம் கட்டுங்க. ஐட்டம் நம்பர், கலர் வாரியா எண்ணிக்கை, டெலிவரி தேதி மூணும் ரசீதுல இருக்கணும்.

இளம்பிள்ளை தறி:
தம்பிக்கு ஜோங்டா துணி மார்க்கெட். ஹைஜு ஸ்கொயர்லிருந்து லைன் 2ல சாங்காங் வந்து, லைன் 8 மாறி லுஜியாங்ல இறங்கணும். அதே லைன் 8 பாசோவுக்கும் போறதால ஃபேர் நாள்லகூட ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம். லேஸ், கல் பார்டர், பட்டன் எல்லாம் தனித்தனிக் கட்டடம், ஒரு நாள் முழுசா வேணும்.

லேஸ் விலை பெரும்பாலும் கஜத்துக்குத்தான் சொல்லுவாங்க, மீட்டர்னு நினைச்சுக் கணக்குப் போட்டா அடி விழும். 100 கஜம்னா 91.44 மீட்டர். 5.5 மீட்டர் சேலைக்கு, அகலம் 1.15ன்னு வச்சு நாலு பக்கமும் கட்டினா 13.3 மீட்டர் போகும். 100 மீட்டர் ரோல்ல ஏழு சேலை வரும். 100 கஜ ரோல்ல ஆறுதான், ஏழாவதுக்கு 1.66 மீட்டர் பத்தாது.

இன்னொண்ணு, காங்ஹாவ்னு ஒரு நம்பர் ரோல் சீட்டுல இருக்கும். சாயத் தொட்டி நம்பர். ஒரே சிவப்புன்னு பத்து ரோல் எடுத்தாலும் காங்ஹாவ் மாறினா கலர் மாறும். ராத்திரி டியூப் லைட்ல தெரியாது, பகல்ல வாசலுக்கு எடுத்து வந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கல் பார்டர்ல அக்ரிலிக் கல்லா கண்ணாடிக் கல்லான்னு சாம்பிள் துண்டுல இஸ்திரி வச்சுப் பாருங்க. அக்ரிலிக் சூட்டுல மங்கிப் போகும்.

துறைமுகக் கணக்கு:
சரக்கு அனுப்பறதைப் பத்தி. ஐ.இ.சி.ங்கற இறக்குமதி-ஏற்றுமதி நம்பர் இல்லாம வியாபாரச் சரக்கு இறக்க முடியாது. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தோட தளத்துல 500 ரூபாய் கட்டி, போறதுக்கு முன்னாடியே எடுத்துருங்க. பெட்டியில போட்டுக் கொண்டு வந்து சொந்தச் சாமான்னு சொல்ற வழி வேண்டாம். ஒரே டிசைன்ல நூறு க்ளிப் இருந்தா அது பயணிங்க பெட்டிக்குத் தர்ற வரிச் சலுகையில வராது.

நாலஞ்சு கடையில எடுத்ததை ஒரு ஏஜென்ட் கோடவுன்ல சேர்த்து, ஒரே பில்லா நான்ஷா இல்ல ஹுவாங்பு துறைமுகம் வழியா சென்னைக்கு அனுப்பலாம். கன அளவுதான் வாடகை. 60×40×50 செ.மீ. கார்ட்டன்னா 0.12 கன மீட்டர். அதையே விமானத்துல அனுப்பினா செ.மீ. அளவு மூணையும் பெருக்கி 6000ஆல வகுத்து 20 கிலோன்னு கணக்குப் போடுவாங்க, உள்ளே 9 கிலோ க்ளிப்தான் இருந்தாலும். கூரியர்ல 5000ஆல வகுத்தா 24 கிலோ. லேசா, பெரிசா இருக்கற சரக்குக்குக் கப்பல்தான்.

பொம்மைக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ஜனவரி 1லிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மை இறக்க முடியாது. யீடெ ரோட்டுல விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் விட்டுருங்க. பவர் பேங்க், சார்ஜருக்கும் பி.ஐ.எஸ்.ங்கற இந்தியத் தர அமைப்போட பதிவு வேணும். மீதிப் பணத்தை ஏஜென்ட் தர்ற இன்வாய்ஸ் பேர்ல வங்கி வழியாத்தான் அனுப்பணும். இன்வாய்ஸ் தொகையும் கட்டின பணமும் ஒண்ணா இருக்கட்டும், குறைச்சுப் போடச் சொன்னா ஒத்துக்காதீங்க.

ஏற்காடு மிளகுக்கொடி:
இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். நாங்க வியாபாரத்துக்கு இல்லீங்க, குடும்பத்தோட சுத்திப் பார்க்கத்தான். வீட்டுக்கு நல்ல டீயும் சின்னச் சின்னப் பரிசும் வாங்க எங்கே போகலாம்? பணம் கேஷா எடுத்துட்டுப் போகணுமா?

லீபஜார் மூட்டை:
டீக்கு ஃபாங்சுன் மார்க்கெட், லைன் 1. உக்கார வச்சுக் குடிக்கக் கொடுப்பாங்க, ருசி பார்த்துட்டு வாங்குங்க. விலைச்சீட்டு கிலோவுக்கு இல்ல, ஜின்னுக்கு. ஒரு ஜின்னா 500 கிராம். பரிசுக்கும் சாயங்காலம் நடக்கறதுக்கும் பெய்ஜிங் லு. தெருவுக்கு நடுவுல கண்ணாடிக்குக் கீழ பழைய காலத்துச் சாலை அடுக்கடுக்காத் தெரியும், பிள்ளைங்களுக்குக் காட்டுங்க. ஏசி மால் வேணும்னா தியான்ஹேயில தியு ஷிலு ஸ்டேஷன்.

பணத்துக்கு அலிபேங்கற சீனப் பணம் கட்டற ஆப்புல விசா, மாஸ்டர் கார்டை இணைச்சுக்கலாம். பாஸ்போர்ட் சரிபார்ப்பை ஊர்லயே முடிச்சிருங்க. 200 யுவான் வரைக்கும் கட்டணம் இல்ல, அதுக்கு மேல 3 சதவீதம். அவசரத்துக்குக் கொஞ்சம் யுவான் கையில இருக்கட்டும். வாட்ஸ்அப், கூகுள் மேப் அங்கத்திய வைஃபையில ஓடாது, இந்திய சிம் ரோமிங்ல ஓடும். அண்ணாவுக்கும் இது பொருந்தும்.

ட்ரோன் வாங்காதீங்க, 2022லிருந்து இங்கே இறக்குமதிக்குத் தடை. இ-சிகரெட்டும் அப்படித்தான். பவர் பேங்கைக் கைப்பையிலதான் வைக்கணும். சீனாவுக்குள்ளயே ஒரு ஊர்லிருந்து இன்னொரு ஊருக்குப் பறக்கறதா இருந்தா அதுல 3சிங்கற சீனப் பாதுகாப்பு முத்திரை இல்லாட்டி ஏர்போர்ட்லயே எடுத்து வச்சுக்குவாங்க, 2025 ஜூன் கடைசியிலிருந்து இந்த விதி.

சின்னக்கடை ஃபேன்சி (சேலம்):
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 26-30க்கே டிக்கெட் பார்க்கறோம். செப்டம்பர்லயே கடைங்களுக்கு டிசைன் அனுப்பி வச்சா 28ஆம் தேதிக்கு சாம்பிள் ரெடியா இருக்குமா?

இளம்பிள்ளை தறி:
செப்டம்பர் 20க்குள்ள அனுப்பிருங்க. அக்டோபர் 1லிருந்து 7 வரைக்கும் அங்கே தேசிய விடுமுறை, ஃபேக்டரி ஓடாது. அதுக்கப்புறம் அனுப்பினா விடுமுறையில தேங்கின ஆர்டருக்குப் பின்னாடிதான் உங்க சாம்பிள் நிக்கும்.