நாளைய வேதியியல் தேர்வும் ஹெர்பர்ட் ஃபிராய்ன்ட்லிச்சும்

கவின்: அத்தை, நாளைக்குப் பரப்பு வேதியியல் டெஸ்ட். ஃபிராய்ன்ட்லிச் சமவெப்பக்கோடு, அதாவது ஒரு திண்மத்தின் பரப்பில் எவ்வளவு பொருள் ஒட்டும் என்று சொல்கிற சமன்பாடு, கட்டாயம் வரும் என்கிறார்கள். சமன்பாடு மனப்பாடம். ஆனால் அந்த அடுக்கு எதற்கு என்றுதான் புரியவில்லை.

சுமதி அத்தை: சமன்பாட்டைக் கொஞ்சம் ஓரமாக வை கண்ணா. கல்லூரி லேபில் இதை எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். ஐந்தாறு குடுவைகளில் வெவ்வேறு செறிவில் அசிட்டிக் அமிலம் எடுப்போம். ஒவ்வொன்றிலும் ஒரே எடை கரித்தூள் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்கி வைப்போம். பிறகு வடிகட்டி, மிச்சம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காரம் விட்டு அளந்து பார்ப்போம். குறைந்ததெல்லாம் கரியில் ஒட்டியது.

சுமதி அத்தை: அமிலத்தின் செறிவு இரண்டு மடங்கானாலும் ஒட்டுவது இரண்டு மடங்காவதில்லை. அதைவிடக் குறைவாகத்தான் கூடும். எந்த அளவுக்குக் குறைவு என்பதைச் சொல்வதுதான் அந்த அடுக்கு. இரண்டு பக்கமும் மடக்கை (log) எடுத்து வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் வரும். கோட்டின் சாய்வே உன் அடுக்கு.

கவின்: ஓ! வாயு ஒட்டும்போது, அதிக அழுத்தத்தில் இந்தச் சமன்பாடு பொருந்தாது என்கிறார்களே, அது ஏன்?

சுமதி அத்தை: கரியில் இடம் தீர்ந்துவிடும். இந்தச் சமன்பாட்டில் இடம் தீர்வதற்குக் கணக்கே இல்லை, ஏறிக்கொண்டே போகும். அதை 1918இல் லாங்மியூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் சேர்த்தார். ஆனாலும் கரியால் தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர்கள் இன்றும் ஃபிராய்ன்ட்லிச் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

ரவி மாமா: சுமதி, இவர் ஜெர்மன்காரரா? நான் படித்தபோதும் இந்தப் பெயர் இருந்தது. ஆள் யாரென்று யாரும் சொன்னதில்லை.

சுமதி அத்தை: ஆமாம் அண்ணா. 1880இல் பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்கில் பிறந்தவர். அம்மா பிரிட்டிஷ்காரர். லைப்சிகில் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் என்ற வேதியியலாளரிடம் வேலை பார்த்தார். 1909இல் ‘கபிலார்கெமி’ என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பரப்பு, கூழ்மம் (மிக நுண்ணிய துகள்கள் திரவத்தில் பரவி நிற்கும் கலவை) இரண்டையும் ஒரே துறையாகப் பார்க்க வைத்த புத்தகம் அது. 1911இல் பிரவுன்ஷ்வைக்கில் பேராசிரியர். 1916இல் பெர்லின் டாலமில் ஃபிரிட்ஸ் ஹேபரின் ஆய்வகம்.

தாத்தா: ஹேபர் என்றால் காற்றிலிருந்து உரத்துக்கு அமோனியா எடுத்தவர்தானே அம்மா?

சுமதி அத்தை: அவரேதான் அப்பா. போர்க்களத்தில் விஷவாயு விட்டதும் அவர்தான். ஃபிராய்ன்ட்லிச் அங்கே வாயு முகமூடி வேலைக்குப் போனார். முகமூடிக்குள் வாயுவைப் பிடித்து வைப்பது கரி. அவர் அமிலத்தில் போட்டுப் பார்த்த அதே விஷயம்.

தாத்தா: போர் முடிந்த பிறகு?

சுமதி அத்தை: அங்கேயே கூழ்ம வேதியியல் பிரிவின் தலைவர். எனக்கு மிகப் பிடித்த வேலை இந்தக் காலத்தில்தான் நடந்தது. இரும்பு ஆக்சைடு கூழ்மம் ஒன்று குழாயில் கட்டியாக உறைந்து நிற்கும், கவிழ்த்தாலும் விழாது. குலுக்கினால் தண்ணீர் மாதிரி ஓடும். சும்மா வைத்தால் மறுபடி உறையும். எத்தனை முறை வேண்டுமானாலும் இப்படிச் செய்யலாம். பிரஷ் போகும்போது இளகி, சுவரில் பட்டதும் வழியாமல் நிற்கிற பெயின்ட்டும் இந்த வகைதான்.

கவின்: சூப்பர்! இது எங்கள் புத்தகத்தில் இல்லையே.

ரவி மாமா: யூதர் என்று எங்கோ பார்த்த ஞாபகம். ஹிட்லர் வந்தபோது என்ன ஆனார்?

சுமதி அத்தை: யூத வம்சாவளி. 1933 ஏப்ரலில் யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. ஃபிராய்ன்ட்லிச்சும் இன்னொரு பிரிவின் தலைவர் மைக்கேல் போலான்யியும் விலகினார்கள். அந்த மாதக் கடைசியில் ஹேபரும் ராஜினாமா கொடுத்தார். உலகமே திரும்பிப் பார்த்த ஆய்வகம் சில வாரங்களில் கலைந்தது. நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது அண்ணா. ஃபிராய்ன்ட்லிச்சுக்கு அப்போது 53 வயது.

சுமதி அத்தை: லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் இடம் கொடுத்தது. 1938இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகம் போனார். 1941இல் மினியாபொலிஸில் காலமானார்.

தாத்தா: பாவம், 61 வயது. கூடப் பிறந்தவர்கள் உண்டா?

சுமதி அத்தை: தம்பி எர்வின், வானியலாளர். ஐன்ஸ்டைன் சொன்னபடி சூரியன் அருகே ஒளி வளைகிறதா என்று பார்க்க 1914 கிரகணத்துக்கு கிரிமியா போனார். அதற்குள் போர் மூண்டு, ரஷ்யர்கள் பிடித்து வைத்துவிட்டார்கள். பிற்பாடு அவரும் ஜெர்மனியை விட்டுப் போனவர்தான்.

கவின்: அத்தை, இன்னொரு சந்தேகம். ஹார்டி-ஷுல்ஸ் விதி. ஆர்செனிக் சல்ஃபைடு கூழ்மத்தைத் திரிய வைக்க அலுமினியம் உப்பு துளி போதும், சோடியம் உப்பு நிறைய வேண்டும். ஏன்?

சுமதி அத்தை: கூழ்மத் துகளுக்கு எதிர்மின்சுமை. அலுமினிய அயனிக்கு நேர்மின்சுமை மூன்று, சோடியத்துக்கு ஒன்றுதான். சுமை கூடினால் திரிய வைக்கும் திறன் பல மடங்கு ஏறும். உப்பால் கூழ்மம் திரிவதைப் பற்றித்தான் ஃபிராய்ன்ட்லிச் 1903இல் லைப்சிகில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். அயனிகள் துகளின் பரப்பில் ஒட்டுவதால்தான் இது நடக்கிறது என்றார். விடையில், சுமை இரண்டுள்ள பேரியத்தையும் சேர்த்து மூன்று அயனிகளையும் திறன் குறையும் வரிசையில் எழுது: அலுமினியம், பேரியம், சோடியம்.

கவின்: சரி அத்தை. கிராஃப் வரைந்து போட்டோ அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.