.22 ரைஃபிளுக்கு 150 டாலருக்குள் ரெட் டாட்: எது வாங்கலாம்?

பிளேனோவாசி:
வணக்கம் நண்பர்களே. டாலஸ் பக்கம் இருக்கிறேன். கிரீன் கார்டு வந்த பிறகு ரூகர் 10/22 என்ற .22 ரைஃபிள் ஒன்று வாங்கினேன். வார இறுதியில் சுடும் ரேஞ்சுக்குப் போய் காகிதத்தையும் இரும்புத் தட்டையும் சுடுவதைத் தவிர வேறு உத்தேசம் இல்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டதால் துப்பாக்கியோடு வந்த சைட்டில் (குறிபார்க்கும் அமைப்பில்) பின் பள்ளம், முன் மணி, இலக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதில்லை, ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று மங்குகிறது. அதனால் ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட், போடலாம் என்று தேடினால் 30 டாலரில் தொடங்கி ஏய்ம்பாயின்ட் போல பல நூறு டாலர் வரை போகிறது. என்னால் 150 வரை முடியும். புள்ளி அளவை 2 எம்ஓஏ, 3 எம்ஓஏ, 6 எம்ஓஏ என்கிறார்களே, எது எடுப்பது? அப்புறம் கோயம்புத்தூரில் தம்பி ஏர் ரைஃபிள் வைத்திருக்கிறான், டிசம்பரில் வரும்போது அவனுக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்கிறான். கொண்டு போகலாமா?

ஹூஸ்டன் சித்தப்பு:
.22 என்பதால் உங்கள் வேலை சுலபம். மலிவு ரெட் டாட் கெடுவது பெரும்பாலும் உதைப்பில்தான். பெரிய தோட்டாவுக்குப் போட்டால் ஒரு பெட்டி முடிவதற்குள் ஜீரோ (புள்ளி வைத்த இடத்தில் தோட்டா விழும்படி செய்த சரிசெய்தல்) நகர்ந்துவிடும், .22 எல்ஆர் என்ற உங்கள் சின்னத் தோட்டாவில் அந்த உதைப்பே கிடையாது. அதற்காக 30 டாலர் பொம்மை வாங்காதீர்கள். அவற்றில் புள்ளியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு புகை தெரியும், வெளிச்சத்தைக் குறைத்தாலும் போகாது, திருகைத் திருப்பினால் புள்ளி நகர்ந்ததா இல்லையா என்றே தெரியாது.

புள்ளி அளவு எளிய கணக்கு. 1 எம்ஓஏ என்றால் 100 யார்டில் ஏறக்குறைய ஓர் அங்குலம், 50 யார்டில் அரை, 25 யார்டில் கால். ஆக 6 எம்ஓஏ புள்ளி 50 யார்டில் 3 அங்குல வட்டத்தையே மறைத்துவிடும். அது கைத்துப்பாக்கிக்காரர்கள் வேகமாகப் பிடிப்பதற்கு. ரைஃபிளில் காகிதம் சுட 2 அல்லது 3 போதும்.

நான் இரண்டைத்தான் சொல்வேன். புஷ்னெல் டிஆர்எஸ்-25, 3 எம்ஓஏ, நூறு டாலருக்குள் கிடைக்கும், தாழ்வாக உட்காரும், 10/22க்கு அளவெடுத்துத் தைத்தது போல. குறை என்னவென்றால் கையால் திருகி அணைக்க வேண்டும், மறந்தால் பேட்டரி காலி. சிக் ரோமியோ5, 2 எம்ஓஏ, கொஞ்சம் கூட விலை, ஆனால் அசைத்தால் தானே எரியும், வைத்துவிட்டால் தானே அணையும். என் ஓட்டு ரோமியோவுக்கு. ஏய்ம்பாயின்ட் 1975இலிருந்து இதே வேலையாக இருக்கும் ஸ்வீடன்காரர்கள், ராணுவத்துக்கே கொடுக்கிறார்கள், ஆனால் தகர டப்பா சுட எதற்கு அது?

கண்ணாடிக்காரன்:
சித்தப்பு சொன்னது எல்லாம் சரி, ஆனால் நாற்பது தாண்டியவர் என்கிறார், முதலில் கண்ணைக் கேட்க வேண்டாமா? ஆஸ்டிக்மாடிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை) இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் புள்ளி உருண்டையாகத் தெரியாது. வால் நட்சத்திரம் மாதிரியோ, நசுங்கிய திராட்சைக் கொத்து மாதிரியோ தெரியும். நிறைய பேர் சைட் மட்டம் என்று திருப்பி அனுப்புகிறார்கள், பாவம் அந்த சைட். கடையில் எடுத்துப் பார்க்கும்போதே சைட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். கோணல் சைட்டோடு சேர்ந்து சுழன்றால் குறை சைட்டில், அப்படியே நின்றால் குறை உங்கள் கண்ணில். அல்லது போன் கேமராவை உள்ளே வைத்து ஒரு படம் எடுங்கள், படத்தில் புள்ளி சுத்தமாக இருந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். வெளிச்சத்தை ரொம்ப ஏற்றி வைத்தாலும் எல்லோருக்கும் சிதறித்தான் தெரியும், அதனால் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

பிளேனோவாசி:
கடைக்குப் போய்ப் பார்த்தேன், கண்ணாடிக்காரர் சொன்னதுதான். படத்தில் அழகாக உருண்டை, என் கண்ணுக்குக் கமா மாதிரி. பவர் கண்ணாடி போட்டால் பாதி சரியாகிறது. இப்போது என்ன செய்வது?

கண்ணாடிக்காரன்:
கண்ணாடியோடு சுட முடியும் என்றால் ரெட் டாட்டே போதும், ரேஞ்சில் எப்படியும் கண்ணுக்குப் பாதுகாப்பு போட்டே ஆக வேண்டும், அதைப் பவரோடு செய்துகொள்ளுங்கள். ப்ரிஸம் சைட் என்று ஒன்று உண்டு, அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கியிருக்கும், பின் வளையத்தைத் திருப்பி உங்கள் பார்வைக்குச் சரிசெய்யலாம், பேட்டரி போனாலும் குறி இருக்கும். ஆனால் நல்லது 150ஐத் தாண்டும், தலையையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். காகிதம்தான் சுடுவேன் என்கிறீர்கள், அப்படியானால் இதே காசுக்கு .22க்கென்றே வரும், 2 முதல் 7 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 2-7 ஸ்கோப் ஒன்றை யோசியுங்கள். 50 யார்டில் ஓட்டை எங்கே விழுந்தது என்று எழுந்து போய்ப் பார்க்க வேண்டாம். தட்டு சுடும் ஆசை அதிகம் என்றால் ரெட் டாட்.

கரிசல்காடு:
தம்பிக்குக் கொண்டு போகிற விஷயத்தை யாரும் தொடவில்லை. வேண்டாம். துப்பாக்கி சைட் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, இந்தியாவுக்கு லைசென்ஸ் கேட்கும் பொருள். ஏர் ரைஃபிளுக்குத்தான் என்று ஏர்போர்ட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அங்கேயே கிடைப்பதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் எச்-1பி வேலை விசாத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கே ரெட் டாட் வாங்க எந்தக் காகிதமும் வேண்டாம், தபாலில் வீட்டுக்கே வரும். ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் கூட்டரசுச் சட்டப்படி உங்களுக்குத் தடை, ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் அதில் சேர்த்திதான். விதிவிலக்குகளில் நமக்கு உதவக்கூடியது ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியான வேட்டை லைசென்ஸ். டெக்சாஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31 உடன் முடிந்துவிடும், செப்டம்பரில் பழையதை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போகாதீர்கள்.

பிளேனோவாசி:
நல்ல வேளை கேட்டேன். தம்பியிடம் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தட்டு ஆசைதான் அதிகம், அதனால் பவர் கண்ணாடியும் ரோமியோ5ம் என்று முடிவு. மாட்டும்போது கவனிக்க ஏதாவது?

ஹூஸ்டன் சித்தப்பு:
பெட்டியில் சைட்டை மாட்டும் தாங்கி இரண்டு உயரத்தில் வரும். உயரமானது ஏஆர்-15 வகை ரைஃபிளுக்கு, அதைப் போட்டால் 10/22இல் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பீர்கள், தாழ்ந்ததை மாட்டுங்கள். திருகில் அது தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு, சிவப்பு வேண்டாம், பிறகு கழற்றவே முடியாது. துப்பாக்கியை எதன் மேலாவது தாங்கி வைத்து 25 யார்டில் காகிதத்தில் விழவைத்துவிட்டு, ஜீரோவை 50 யார்டில் முடியுங்கள். ஒரு க்ளிக் எத்தனை எம்ஓஏ என்று கையேட்டில் பாருங்கள், 1 எம்ஓஏ என்றால் 50இல் அரை அங்குலம் நகரும். அதற்குப் பிறகு 100 யார்டுத் தட்டைச் சுடும்போது தோட்டா ஐந்தாறு அங்குலம் கீழே போகும், புள்ளியைத் தட்டுக்கு மேலே பிடியுங்கள்.