பிங் போகவில்லை, பெயரும் தெரியவில்லை: வீட்டுக் கணினிகளை இணைத்த சிலரின் அனுபவங்கள்

அப்பாவின் மேசைக் கணினியில் பதினைந்து ஆண்டுப் புகைப்படங்கள் இருக்கின்றன. அதன் ஹார்டு டிஸ்க் சில நாள்களாகக் கடகடவென்று ஓசை எழுப்பியதால், அது நின்றுபோவதற்குள் எல்லாவற்றையும் என் மடிக்கணினிக்கு மாற்றிவிட நினைத்தேன். இரண்டும் ஒரே ரவுட்டரில்தான் இருந்தன. இரண்டிலும் இணையம் தடையின்றி வந்தது. ஆனால் என் மடிக்கணினியில் ‘நெட்வொர்க்’ சாளரத்தைத் திறந்தால் என் கணினியின் பெயர் மட்டுமே இருந்தது. அப்பாவின் கணினியிலும் அப்படியே, அதன் பெயர் மட்டும்.

முதல் ஒரு மணி நேரம் வீணாகப் போனது. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், இரண்டு கணினிகளையும் மாற்றி மாற்றி மறுதொடக்கம் செய்தேன். பிறகுதான் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபி முகவரிகளை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்ணை, பார்த்தேன். அப்பாவுடையது 192.168.1.7, என்னுடையது 192.168.1.12. முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0, அதாவது முதல் மூன்று எண்கள். ஆக ஒரே வரிசைதான். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். அந்தச் சிக்கல் இங்கே இல்லை. பிங் செய்தேன், அதாவது ‘இருக்கிறாயா’ என்று அப்பாவின் கணினிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பார்த்தேன். நான்கு முறையும் நேரம் கடந்துவிட்டது என்றே பதில் வந்தது.

இந்த இடத்தில் பலரும் ‘கேபிள் போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் அதே சாளரத்தில் ‘ஏஆர்பி’ கட்டளையை ‘-ஏ’ என்ற குறியோடு (arp -a) கொடுத்துப் பார்த்தபோது 192.168.1.7-க்கு எதிரே ஆறு ஜோடி எழுத்தும் எண்ணுமாக ஒரு வன்பொருள் முகவரி (நெட்வொர்க் அட்டைக்கே உரிய எண்) இருந்தது. அந்த ஒற்றை வரி எனக்குப் பெரிய நிம்மதி. ‘இந்த முகவரி யாருடையது’ என்று என் கணினி கேட்டதற்கு அப்பாவின் கணினி பதில் சொல்லியிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் விண்டோஸ் பயர்வால் அந்தக் கேள்வியைத் தடுப்பதில்லை. அப்படியென்றால் கம்பியில் குறையில்லை, ரவுட்டரிலும் குறையில்லை. வழி இருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது.

கூடத்துக்குப் போய் அப்பாவின் கணினியில் நெட்வொர்க் அமைப்புகளைத் திறந்தேன். ‘பப்ளிக்’ என்று இருந்தது, அதாவது மற்ற கணினிகளை நம்பாத பொது நெட்வொர்க். சென்ற மாதம் ரவுட்டரை மாற்றியிருந்தோம். ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு, மற்ற கணினிகள் உங்களைப் பார்க்கலாமா என்று கேட்கும். அப்பா ‘வேண்டாம்’ என்று அழுத்தியிருக்கிறார். புரியாத கேள்விக்கு வேண்டாம் என்று சொல்வது நல்ல பழக்கம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதைப் ‘பிரைவேட்’ ஆக்கி, கோப்புப் பகிர்வையும் இயக்கினேன். பிங் உடனே பதில் கொடுத்தது.

பெயர் மட்டும் அப்போதும் தெரியவில்லை!

இங்கேதான் நான் கற்றுக்கொண்ட முக்கியமான செய்தி இருக்கிறது. கணினி சாளரத்தில் தெரிவது வேறு, அதை எட்ட முடிவது வேறு. கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.7 என்று தட்டி என்டர் அழுத்தினேன். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது! பெயர் எங்குமே தெரியாத கணினி, முகவரி சொல்லிக் கூப்பிட்டதும் கதவைத் திறந்தது. கோப்புகளைக் கொடுக்கும் வேலை டிசிபி 445-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண் கொண்ட வாசலில், நடக்கிறது. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கும் வேலை யுடிபி 3702 போன்ற வேறு போர்ட்டுகளில், வேறு சேவைகள் வழியாக நடக்கிறது. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா நான்கு இலக்கப் பின் எண்ணைத்தான் பயன்படுத்துகிறார். அது அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து நுழைவதற்கு மட்டுமே. நெட்வொர்க் வழியாக வருபவரிடம் விண்டோஸ் அதை ஏற்காது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கானாலும் இயல்பான அமைப்பில் இதே நிலைதான். ஆகவே பகிர்வுக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் வைத்து, புகைப்படக் கோப்புறைக்கு மட்டும் படிக்கும் அனுமதி கொடுத்தேன். படங்கள் வரத் தொடங்கின.

பெயர் ஏன் தெரியவில்லை என்ற கேள்வி விடவில்லை. சேவைகளின் பட்டியலைத் திறந்தால் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவை அப்பாவின் கணினியில் நின்றுபோயிருந்தது. தன் இருப்பை மற்றவர்களுக்கு அறிவிப்பது அதுதான். தானாகத் தொடங்கும்படி மாற்றி இயக்கியதும், சற்று நேரத்தில் என் திரையில் அப்பாவின் கணினிப் பெயர் வந்து நின்றது.

ஒன்றை மட்டும் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலுக்கு ‘எஸ்எம்பி 1-ஐ இயக்குங்கள்’ என்ற ஆலோசனை எங்கும் கிடைக்கும். எஸ்எம்பி என்பது விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் முறை, 1 என்பது அதன் பழைய பதிப்பு. முன்பு கணினிகளின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்த பழைய ஏற்பாடு எஸ்எம்பி 1-ஐ நம்பியிருந்தது உண்மைதான். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் கோப்புகளைக் கொடுக்கும் எஸ்எம்பி 1 பகுதி இயல்பாக இருப்பதில்லை. அதே ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்ற, பணம் கேட்டு மிரட்டும் தீநிரல் உலகெங்கும் பரவியது அந்த எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான். ஒரு பெயர் திரையில் தெரிவதற்காக அந்தக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

* * *

மேலே எழுதியவர் முதலில் முகவரிகளைப் பார்த்தது மிகச் சரி. அதைச் செய்யாமல் இரண்டு நாள் அலைந்தவன் நான்.

மாடியில் வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கி, கீழ்த்தளத்து ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து அதன் ‘வேன்’ (WAN, இணையத்துக்கான) துளையில் செருகியிருந்தேன். இணையம் அருமையாக வந்தது. மாடிக் கணினியிலிருந்து கீழே இருக்கும் கணினிக்குப் பிங் போனது. கீழேயிருந்து மாடிக்குப் போகவில்லை. இந்த ஒருவழிப் போக்குதான் என்னைக் குழப்பியது. பயர்வாலை இரண்டிலும் ஒரு நிமிடம் அணைத்துக்கூடப் பார்த்தேன், மாற்றமில்லை.

கடைசியில் முகவரிகளை ஒரு தாளில் எழுதினேன். கீழே 192.168.1.5, மாடியில் 192.168.0.3. மூன்றாவது எண் வேறு! மாடி ரவுட்டர் தன் பங்குக்குத் தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி, உள்ளே இருப்பவர்களை மறைத்து வைத்திருக்கிறது. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வர வழி தெரியாது. கணினிகள் தங்களை அறிவிக்கும் செய்திகளும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை.

தீர்வு பத்து நிமிட வேலை. மாடி ரவுட்டரில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்தினேன். அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். கீழ் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதபடி ஒதுக்கியும் வைத்தேன். பிறகு கேபிளை ‘வேன்’ துளையிலிருந்து பிடுங்கி ‘லேன்’ (LAN, வீட்டுக் கணினிகளுக்கான) துளை ஒன்றில் செருகினேன். எல்லாக் கணினிகளும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. சில ரவுட்டர்களில் இதற்கென்றே ‘அக்சஸ் பாயிண்ட்’ என்ற தேர்வு இருக்கும். அதைத் தேர்ந்தால் இந்த வேலையே வேண்டாம்.

* * *

எங்கள் வீட்டில் காரணம் இன்னும் எளியது. தங்கையின் மடிக்கணினி விருந்தினர் வைஃபையில் இணைந்திருந்தது. கடவுச்சொல் சுருக்கமாக இருக்கிறது என்று அதையே எப்போதோ போட்டுவைத்திருக்கிறாள். விருந்தினர் வைஃபை என்பதே வீட்டுக் கணினிகளை அந்நியர் தொடாமல் காப்பதற்குத்தான், அதனால் அது தன் கடமையைத்தான் செய்தது. சில ரவுட்டர்களில் முதன்மை வைஃபையிலும், இணைந்திருப்பவர்களை ஒருவரையொருவர் எட்டவிடாத ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற தடுப்பு இயங்கிக்கொண்டிருக்கும். முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும், ஏஆர்பி பட்டியலில்கூட எதிர்க்கணினி வரவில்லையென்றால் அதைப் பாருங்கள்.

* * *

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்காக ஒரு செய்தி. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, விண்டோஸ் முறையிலேயே கோப்புகளைக் கொடுக்கும் சாம்பா என்ற நிரல் வழியாகப் பகிர்ந்தேன். விண்டோஸ் கணினியிலிருந்து முகவரி தட்டினால் திறந்தது. பட்டியலில் மட்டும் வரவில்லை. சாம்பா, கணினிப் பெயர்களை அறிவிக்கும் பழைய நெட்பயாஸ் முறையில்தான் தன்னை அறிவிக்கிறது, இன்றைய விண்டோஸ் 3702-ஆம் போர்ட்டில் காது வைத்திருக்கிறது. ஒருவர் ஒரு மொழியில் பேச, மற்றவர் வேறு மொழிக்குக் காத்திருக்கிறார். ‘டபிள்யூஎஸ்டிடி’ (wsdd) என்ற சிறு நிரலை நிறுவியதும் தீர்ந்தது. கணினிப் பெயரையும் 15 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெட்பயாஸ் பெயர் அதற்கு மேல் நீளாது.

அலுவலக மடிக்கணினியில் விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குடன் இணைக்கும் பாதுகாப்பான வழி) இயங்கும்போது வீட்டுப் பிரிண்டரும் கணினிகளும் மறைந்துபோவதையும் பார்த்திருக்கிறேன். அது அலுவலகம் வைத்த கட்டுப்பாடாக இருக்கலாம். விபிஎன்னை நிறுத்தியதும் எல்லாம் திரும்ப வந்தன.

* * *

முதலில் எழுதியவன்தான் மீண்டும் வருகிறேன். நேற்று \\192.168.1.7 திறக்கவில்லை. பதறிப்போய்ப் பயர்வாலிலிருந்து தொடங்கினேன். பார்த்தால் அப்பாவின் கணினி இப்போது 192.168.1.9. இரண்டு வாரம் அணைந்து கிடந்ததால் அந்தப் பழைய எண்ணை ரவுட்டர் வேறொரு கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அப்பாவின் கணினிக்கு அதன் வன்பொருள் முகவரியைக் கொண்டு நிலையான ஐபி ஒன்றை ஒதுக்கிவிட்டேன். எஞ்சியிருந்த நான்கு ஆண்டுப் படங்களும் இன்று அதிகாலையில் வந்து சேர்ந்தன. டிஸ்க் இன்னும் கடகடக்கிறது, புதிது வாங்கி வைத்திருக்கிறேன்.