ஓவர்சைட்: ஒரு சொல்லா, இரு சொற்களா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாளை மாலைக்குள் நான் தமிழாக்கித் தரவேண்டிய தணிக்கை அறிக்கையில் ஓவர்சைட் (oversight) என்ற ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் குழுவொன்றின் மேற்பார்வையைக் குறிக்கிறது. அடுத்த பத்தியிலேயே, பதிவு ஒன்று கவனியாமல் விடுபட்டதைக் குறிக்கிறது. இரு பொருளையும் தாங்கும் ஒரே சொல்லாக நம் குழு நண்பர் ஒருவர் ‘கண்ணோட்டம்’ என்பதை, இரக்கத்தோடு பொறுத்துக்கொள்ளுதல் என்ற அதன் பழம்பொருளை வைத்து முன்மொழிந்தார். “கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு” என்ற 578ஆம் குறளில் கடமையும் விட்டுக்கொடுத்தலும் சேர்ந்தே வருகின்றன என்பது அவர் வாதம். அழகான வாதம்தான். ஆயினும் கண்ணோடுபவர் குற்றத்தைக் கண்ட பின்னரே பொறுக்கிறார். நம் தணிக்கையாளர் சொல்வதோ, காணாமலே விட்டதை. (குறளில் கண்ணோட்டத்துக்கு அடுத்த அதிகாரம் ஒற்றாடல், அதாவது உளவறிதல், என்பதையும் நண்பர் கவனித்திருக்கலாம்.)

குழுவின் மூத்தவரான ஐயா இரண்டாம் பொருளுக்குப் பரிந்துரைத்த ‘பொச்சாப்பு’ (மறதி) தூய சொல் என்பதில் ஐயமில்லை. ஆனால் 531ஆம் குறள் அதனை உவகை மகிழ்ச்சியில் வரும் சோர்வு என்கிறது. கணக்கர் களிப்பு மிகுந்து ஒரு வரியை மறந்தார் என்றா எழுதுவது? படிப்பவருக்கு அகராதியையும் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கும்.

‘மேல்’ என்ற அடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேற்பார்வை என்றால் பொறுப்போடு பார்ப்பது. மேலோட்டமாகப் பார்ப்பது என்றால் நுனிப்புல் மேய்வது. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்த முரணைத் தமிழ் ஒரே அடையிலிருந்து இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதை நாம் ஏன் மீண்டும் ஒட்ட வேண்டும்? பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் எனத் தொல்காப்பியர் கூறுவது உண்மையே. இருக்கிற சொல்லுக்குப் பொருள் காணும் வழி அது, புதிதாகக் குழப்பத்தை உண்டாக்க உரிமம் அன்று.

முதற்பொருளான மேற்பார்வைக்குக் ‘கண்காணிப்பு’ எனலாமா என்றால், அது இப்போது கேமராவையே நினைவூட்டுகிறது. தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த கண்காணி ஆங்கில அகராதிக்குள்ளேயே நுழைந்தவர் என்ற பெருமை ஒருபுறம் இருக்கட்டும். முதற்பொருளுக்கு மேற்பார்வையே போதும். அதில் எவருக்கும் மறுப்பில்லை.

இரண்டாம் பொருளுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், ‘கவனியாமல் விடுபட்டது’ என வினையாக எழுதலாம் என்றேன். அட்டவணைத் தலைப்பு அதற்கு இடம் தரவில்லை. பெரும்பான்மையோர் ‘கவனப்பிசகு’ என்கிறீர்கள். பிசகு என்றால் தவறாகச் செய்ததாகத் தொனிக்கிறது. இங்கே நேர்ந்ததோ செய்யாமை. ‘விடுபாடு’ இன்னும் பொருந்தும் என்றே கருதுகிறேன். நேரமில்லாததால் கவனப்பிசகு என்றே அனுப்புகிறேன். அடுத்த அறிக்கை வரும்போது விடுபாட்டை மீண்டும் முன்வைப்பேன்.