முள்ளோடைக்கு வடக்கே 5,000, தெற்கே 2,000: ஃபெஞ்சல் நிவாரணத்தின் கணக்கு என்ன?

எல்லைக்கோட்டான் (கேள்வி)

2024 நவம்பர் கடைசியில் அடித்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி எல்லைக்குள் இருந்தவர்களுக்கு ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடிப் பக்கம் வந்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000. பயிருக்கு அங்கே ஹெக்டேருக்கு 30,000, இங்கே 17,000. காற்று ஒன்று, மழை ஒன்று, ஆறும் ஒன்று. அடுத்த மழை வரப்போகிறது, இன்னும் டீக்கடைகளில் இந்தச் சண்டை ஓயவில்லை. டெல்லி 944 கோடி கொடுத்தது என்று ஒருவர், சல்லிக்காசு வரவில்லை என்று இன்னொருவர்.

தொகையை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தென்பெண்ணை மணல் ஏறிக் கிடக்கும் நிலத்துக்குத் தனியாக ஏதாவது உண்டா? குத்தகைக்குப் பயிரிட்டவன் பெயர் ஏன் பட்டியலில் வருவதே இல்லை? கட்சி வேண்டாம், கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு

இதில் இரண்டு பை இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் டீக்கடைச் சண்டை ஓய்வதில்லை.

முதல் பை மாநிலப் பேரிடர் நிவாரண நிதி. ஆண்டுக்கு எவ்வளவு என்பதை மத்திய நிதிக்குழு ஐந்தாண்டுக்கு முன்கூட்டியே எழுதிவைத்துவிடும். தமிழ்நாட்டுக்கு மத்தியப் பங்கு 75 சதவீதம், மாநிலப் பங்கு 25. புயல் வராத ஆண்டிலும் இந்தப் பணம் உண்டு. 2024 டிசம்பர் 6 அன்று விடுவித்த 944.80 கோடி இதுதான், அந்த ஆண்டின் மத்தியப் பங்கு, இரண்டு தவணையும் சேர்த்து. ஆகவே "பணம் வந்தது" என்பதும் நிஜம், "ஃபெஞ்சலுக்கென்று எதுவும் வரவில்லை" என்பதும் அன்றைய தேதியில் நிஜம். அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் இடைக்கால உதவியாகக் கேட்டது 2,000 கோடி, மத்தியக் குழுவிடம் வைத்த மொத்தக் கோரிக்கை 6,675 கோடி. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில்: தமிழ்நாட்டுக்கு 522.34 கோடி, புதுச்சேரிக்கு 33.06 கோடி. அதிலும் ஒரு கழித்தல் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் மாநில நிதியில் இருந்த இருப்பில் பாதியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள்.

6,675 எப்படி 522 ஆனது என்று கேட்டால், இரண்டும் ஒரே பொருளின் அளவே இல்லை. மாநிலம் எழுதுவது சேதத்தின் மதிப்பு. மத்தியக் குழு எழுதுவது மத்திய அரசின் நிவாரண விதிப்பட்டியலில் உள்ள இனங்களுக்கு, அந்தப் பட்டியல் விலையில் எவ்வளவு என்பது. 2022-26 பட்டியல்படி மானாவாரி ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிர் 17,000, பல்லாண்டுப் பயிர் 22,500, எதுவானாலும் ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். கறவை மாடு 37,500, ஆடு 4,000. சமவெளியில் வீடு முழுதாக இடிந்தால் 1,20,000, குடிசை என்றால் 8,000. படகு முழுதாகப் போனால் 15,000! இந்தக் காசுக்கு எந்தக் கடற்கரையில் படகு கிடைக்கும் என்று பட்டியல் போட்டவர்தான் சொல்ல வேண்டும். 2011-இல் தானே புயல் சாய்த்த பண்ருட்டிப் பலா மாதிரி மரங்களும் பல்லாண்டுப் பயிர் என்ற தலைப்பில்தான் வரும். மரத்தின் வயதைப் பட்டியல் கேட்பதில்லை.

இரண்டாவது பை மாநிலத்தின் சொந்தக் காசு. ரேஷன் கார்டுக்கு இவ்வளவு என்று விதியில் ஓர் இனமே கிடையாது, ஆகவே 2,000, 5,000 இரண்டுமே அந்தந்த அரசின் முடிவு. தமிழ்நாடு பயிருக்கு விதித் தொகையோடு நின்றுகொண்டது. குடிசைக்கு 8,000-ஐ 10,000 ஆக்கியது, உயிரிழப்புக்கு 4 லட்சத்தை 5 லட்சம் ஆக்கியது. புதுச்சேரி பயிருக்கு மேலே 13,000 போட்டது. ஏக்கரில் சொன்னால் இங்கே சுமார் 6,880, அங்கே 12,140. அங்கே பரப்பு சின்னது, அதனால் முடிகிறது. ஆனால் புதுச்சேரி நிதிக்குழு வரம்புக்குள் வராது. மாநிலங்களைப் போல உறுதியான பங்கு அதற்கு இல்லை, வருடா வருடம் டெல்லியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அங்கே உள்ளவர்கள் இதைத்தான் முதலில் சண்டையாக்க வேண்டும். ஏனோ 5,000-ஐப் பற்றியே பேசுகிறார்கள்.

அடங்கல்

பேரேடு சொன்னது மேல்மட்டம். விடுபடுவது எல்லாம் கீழே, முதல் பத்து நாளில்.

பயிர்ச் சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் நிவாரணம். 30 என்று எழுதினால் பூஜ்யம். கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் நிற்கும்போது சம்பாவில் ஒன்றும் தெரியாது, வடிந்த பிறகுதான் அழுகல் தெரியும். இங்கேதான் ஒரு கண்ணி. தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழி தெளிக்கச் சொல்வார்கள், தெளிக்கத்தான் வேண்டும். பத்து நாள் கழித்து ஆள் வரும்போது மேலே பச்சை கட்டியிருக்கும், தூர் பாதிதான் இருக்கும். சாலையில் நின்று பார்ப்பவர் "பயிர் தேறிவிட்டது" என்று எழுதிவிட்டுப் போவார். ஆகவே தெளிக்கும் முன்பே, தேதியும் இடக்குறிப்பும் பதிவாகும் கைபேசிச் செயலியில் நாலு மூலையிலும் படம் எடுங்கள். சதுர மீட்டரில் எத்தனை குத்து உயிரோடு இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒரு மூலையைத் தெளிக்காமல் விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

குத்தகை விஷயம். பட்டியல் பட்டாவைப் பார்த்துத் தயாராகிறது. பயிரிட்டவர் பெயர் அடங்கலில், அதாவது கிராமத்தின் பயிர்ப் பதிவேட்டில், ஏறியிருந்தால் ஒழிய, பணம் நில உடைமையாளர் வங்கிக் கணக்குக்குப் போகும். வாய்மொழிக் குத்தகையை 1969 குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி பதிய வழி இருக்கிறது. உடைமையாளர் சம்மதிக்க மாட்டார், நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயம். நடைமுறையில் ஓடுவது: இன்ன புல எண்ணில் இந்தப் பசலிக்கு (வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டுக்கு) இன்னார் பயிரிடுகிறார் என்று உடைமையாளர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். அதை வைத்து அடங்கலில் ஏற்றச் சொல்வது. நட்ட மாதமே செய்ய வேண்டும். புயலுக்குப் பிறகு போனால் "எழுதி முடித்தாயிற்று" என்பார்கள்.

மற்ற விடுபடல்கள்: பட்டா இறந்துபோன அப்பா பெயரில் இருப்பது, கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வது, வங்கி இணைந்து குறியீடு மாறியிருப்பது, ஆதார் வேறு கணக்கில் இணைந்திருப்பது. கார்டுத் தொகைக்கு, கார்டு எந்தக் கடையில் பதிவோ அந்தக் கடைதான். நெய்வேலிக் கார்டை வைத்துக்கொண்டு கடலூரில் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்திருந்தாலும் கணக்கில் வராது.

மனு எழுதும்போது "என் பெயர் விடுபட்டுவிட்டது, கருணை காட்டவும்" என்று எழுதாதீர்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், நட்ட தேதி, தண்ணீர் நின்ற நாட்கள், படத்தின் நகல். வட்டாட்சியருக்கு ஒன்று, திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கு ஒன்று, இரண்டிலும் ரசீது எண். கிராமப் பயனாளிப் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பட்டியல் கைக்கு வந்தால் பாதி வாக்குவாதம் தானாக அடங்கும். மீதிப் பாதி சூடுபிடிக்கும், அது வேறு.

எல்லைக்கோட்டான்

நன்றி சார். மணலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? சொர்ணாவூர் தொடங்கிக் கரையோரம் நெடுக அதுதான் பெரிய பிரச்சினை.

மண்வெட்டி

உண்டு. பலருக்குத் தெரியாது. வேளாண் நிலத்தில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்தால் அகற்ற ஹெக்டேருக்கு 18,000, சிறு குறு விவசாயிக்கு. தகுதியுள்ள அதிகாரி சான்று தர வேண்டும், அதே வேலைக்கு வேறு மானியம் வாங்கியிருக்கக் கூடாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 3 அங்குலம் என்றால் ஏறக்குறைய 308 கன மீட்டர், நம்ம ஊர் அளவில் 109 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). 3 யூனிட் டிப்பருக்கு 36 நடை. உதவி ஏக்கருக்கு 7,285 ரூபாய், யூனிட்டுக்கு 67 ரூபாய் விழுகிறது. பொக்லைன் வாடகைக்கே காணாது. அதற்காக விட்டுவிடாதீர்கள், வாங்கவேண்டியதை வாங்குங்கள்.

முக்கியமானது, அளப்பதற்கு முன் உழக் கூடாது. உழுதால் மணலும் மண்ணும் கலந்துவிடும், 3 அங்குலத்தை நிரூபிக்க முடியாது. ஏக்கருக்கு ஐந்தாறு இடத்தில் ஒரு முழக் குழி வெட்டினால் பக்கச் சுவரில் வெளுத்த மணலும் அடியில் கறுத்த வயல்மண்ணும் கோடு போட்டது போலப் பிரிந்து நிற்கும். அங்கே அடிக்கோலை நிறுத்திப் படம் எடுங்கள். ஆற்றுப் பக்கம் மட்டும் வெட்டாமல் வயலின் உள்பக்கமும் வெட்டுங்கள். சராசரி குறைந்தாலும் பரவாயில்லை, ஆய்வுக்கு வருபவர் நம்புவார்.

எடுத்த மணலை வரப்போரம் குவிக்கலாம். கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் வெளியே ஏற்றினால் வண்டி பிடிபடும். சொந்த நிலத்து மணல்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. அனுமதி மனுவைச் சேத மனுவோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

கன அடி

கட்சி வேண்டாம் என்றீர்கள். ஆனால் கடலூர்க்காரனிடம் தென்பெண்ணையின் மேல்பக்கம் இருக்கும் சாத்தனூர் அணையைப் பேசாமல் நிவாரணம் பேச முடியாது. நள்ளிரவில் சொல்லாமல் திறந்தார்கள் என்றது அன்றைய எதிர்க்கட்சி, ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அன்றைய அரசு.

அணையின் கொள்ளளவு 7.32 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), முழு மட்டம் 119 அடி. 2024 டிசம்பர் 2 அதிகாலை வெளியேறியது நொடிக்கு 1.68 லட்சம் கன அடி. அந்த வேகத்தில் ஒரு டிஎம்சி ஓட 99 நிமிடம் போதும். அணை காலியாக இருந்திருந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. அந்த இரவில் மதகை மூடிவைத்திருக்கலாம் என்பவர்கள் அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முந்தைய நாட்கள். புயல் எச்சரிக்கை வந்தபோதே மட்டத்தை இறக்கியிருந்தால்? ஒரு டிஎம்சி இறக்கினால் கிடைப்பது அந்த 99 நிமிடம்தான். மூன்று இறக்கினால் ஐந்து மணி நேரம், அதாவது இருட்டில் வரவேண்டியது பகலில் வரும். உயிர்ச் சேதத்தில் அது பெரிய வித்தியாசம். ஆனால் இறக்கிய பிறகு மழை ஏமாற்றினால் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி பாசன விவசாயிகள் மறியலில் உட்காருவார்கள். இதனால்தான் எந்தப் பொறியாளரும் தன் கையெழுத்தில் முன்கூட்டியே திறக்கத் துணிவதில்லை. நவம்பரிலும் டிசம்பரிலும் இவ்வளவு இடம் காலியாக வைக்கலாம் என்று வெளிப்படையான விதி இருந்தால் அவர் துணிவார்.

எச்சரிக்கையும் அப்படித்தான். "இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்." கடலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் நாணமேட்டிலும் தாழங்குடாவிலும் இருப்பவர் இதை வைத்து என்ன செய்வார்? எந்தத் தெருவரைக்கும் ஏறும், எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். இது மூன்றும் இல்லாத செய்தியை ஐந்து முறை அனுப்பினாலும் ஐம்பது முறை அனுப்பினாலும் மாடு கட்டுத்தறியில்தான் இருக்கும்.

பேரேடு

கன அடி சொல்வதில் ஒன்று மட்டும் ஏற்க முடியவில்லை. ஐந்து மணி நேரம் பகலுக்குத் தள்ளும் என்பது வெள்ளம் எப்போது உச்சம் அடைகிறது என்பதைப் பொறுத்தது. உச்சம் மாலையில் வந்தால் அதே ஐந்து மணி நேரம் அதை நள்ளிரவுக்குத் தள்ளிவிடும். விதி வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

பயிர்க் காப்பீட்டை இன்னும் யாரும் தொடவில்லை. நிவாரணம் வேறு, காப்பீடு வேறு, இரண்டும் வாங்கலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். இழப்பீடு தனி வயலைப் பார்த்து வராது, வருவாய்க் கிராமத்தில் பயிர் அறுவடைச் சோதனை செய்து வரும் சராசரியைப் பார்த்துத்தான் வரும். உங்கள் வயல் மூழ்கி, மேட்டுப்பக்கம் நன்றாக விளைந்தால் கிராமம் தேறிவிட்டது என்று அர்த்தம். ஃபெஞ்சல் சமயத்தில் நெல் மூழ்கலுக்குத் தனி வயல் இழப்பீடும் கிடையாது, 2018-இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் முதல் திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். அறுத்து வயலிலேயே காயப்போட்ட கதிர், அறுத்ததிலிருந்து 14 நாளுக்குள் சேதமானால் தனியாகக் கேட்கலாம், புயல் மழைக்கு இது எப்போதும் உண்டு.

எல்லைக்கோட்டான்

கடைசியாக ஒன்று. வீடு பாகூர்ப் பக்கம், நிலம் கடலூர் வட்டத்தில். இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கே கேட்பது?

அடங்கல்

வீட்டுச் சேதத்துக்கும் கார்டுத் தொகைக்கும் புதுச்சேரி. பயிருக்கும் மணலுக்கும் நிலம் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கிராம நிர்வாக அலுவலர், தொகையும் தமிழ்நாட்டுத் தொகைதான், 30,000 வராது. கார்டு புதுச்சேரி என்று சொல்லி மனுவைத் திருப்பினால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். பயிர் நிவாரணத்துக்குப் பார்ப்பது பட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு, ஆதார். ரேஷன் கார்டு அதில் இல்லை. திருப்புகிறவரிடம் காரணத்தை மனுவின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார், வாங்கி வைத்துக்கொள்வார்.