சொந்த மகன் ஆடும் கிரிக்கெட் அணிக்குத் தந்தையே பயிற்சியாளர்: எப்படி நடந்துகொள்வது?

கேள்வி: காவிரிக்கரைத் தந்தை

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்த 14 பிள்ளைகள், 10 முதல் 12 வயது வரை உள்ளவர்கள், இரண்டு ஆண்டுகளாக ஓர் அணியாகச் சேர்ந்து கிரிக்கெட் ஆடிவருகிறார்கள். பயிற்சி அளித்துவந்த இளைஞர் வேலை கிடைத்து வெளியூர் சென்றுவிட்டார். நான் கல்லூரி அணியில் ஆடியவன் என்பதால் மற்ற பெற்றோர் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். என் மகனும் அந்த அணியில்தான் இருக்கிறான். 11 வயது, மிதவேகமாகப் பந்து வீசுவான்.

'தன் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறார்' என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற அச்சம் முதல் நாளிலிருந்தே எனக்கு இருந்தது. ஆகையால் அவனைக் கடைசி ஆட்டக்காரனாகவே இறக்கினேன்; ஓர் ஆட்டத்தில் ஒரு ஓவருக்கு மேல் கொடுத்ததில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் அணியுடன் காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக இரண்டு நட்புப் போட்டிகள் நடந்தன. ஒருவருக்கு இத்தனை ஓவர்தான் என்ற வரம்பு எதையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் அணியில் நல்ல வேகத்தில் வீசக்கூடிய பையன் ஒருவன் இருக்கிறான். விக்கெட் தேவைப்பட்டபோதெல்லாம் அவனையே அழைத்தேன். அன்று ஒரே நாளில் அவன் 12 ஓவர் வீசியிருக்கிறான் என்பதை இரவில் ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன். அவனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே முதுகு வலிக்கிறது என்று மறுநாள் அவன் தாயார் தொலைபேசியில் சொன்னார்.

அதே ஞாயிறு மாலை, வண்டியில் பின்னால் அமர்ந்து வந்த என் மகன், "அப்பா, நான் உங்க பையனா இல்லாம இருந்திருந்தா இன்னொரு ஓவர் குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

மகனை எப்படி நடத்துவது, எல்லோருக்கும் வாய்ப்பளித்துக்கொண்டே ஆட்டத்தை எப்படி நடத்துவது, எல்லைக்கோட்டருகே நின்றுகொண்டு ஒவ்வொரு பந்துக்கும் உத்தரவிடும் பெற்றோரிடம் என்ன சொல்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

ஐயா, உங்கள் மகனுக்கு நேர்ந்ததையும் அந்த வேகப்பந்து வீச்சாளனுக்கு நேர்ந்ததையும் நீங்கள் இரண்டு தனித்தனிச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் மகனுக்கும் அவனைப் போன்ற மற்றவர்களுக்கும் கொடுக்காத ஓவர்களைத்தான் அந்தப் பையன் தன் முதுகில் சுமந்திருக்கிறான். சலுகை காட்டுவது எவ்வளவு தவறோ, சலுகை என்று பிறர் சொல்வார்களோ என்று அஞ்சித் தன் பிள்ளையை ஒடுக்குவதும் அவ்வளவு தவறுதான். பள்ளியில் பணியாற்றிய காலத்தில், ஆசிரியர்களின் பிள்ளைகள் விளையாட்டை விட்டு விலகியதற்கு இதுவே காரணமாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்கு வழி, முடிவுகளை ஆட்டத்தின் நடுவில் எடுக்காமல் முந்தைய நாளே எழுதி வைத்துவிடுவதுதான். 14 பெயர்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். இந்த வாரம் மட்டைபிடிக்கும் வரிசை எந்தப் பெயரோடு நின்றதோ, அடுத்த வாரம் அதற்கு அடுத்த பெயரிலிருந்து தொடங்கட்டும். பந்துவீச்சுக்கும் விக்கெட் காப்புக்கும், யார் வெளியே அமர்வது என்பதற்கும் அதே முறைதான். அந்தத் தாளைப் பிள்ளைகளும் பெற்றோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால், உங்கள் மகனின் பெயர் முதலில் வரும் நாளில் எவரும் குறை சொல்ல முடியாது. நெருக்கடியான ஓவரில் வரிசையை மாற்றத் தோன்றும், மாற்றாதீர்கள். 12 வயதுக்கு உட்பட்ட ஓர் அணி ஒரு பிள்ளையை வெளியே உட்காரவைத்துப் பெறும் வெற்றிக்கு நான் எந்த மதிப்பும் தரமாட்டேன்.

இந்த வயதில் ஒருவனைப் பந்துவீச்சாளன் என்றும் இன்னொருவனை மட்டையாளன் என்றும் முத்திரை குத்துவதும் வேண்டாம். அஸ்வின் சிறு வயதில் தொடக்க ஆட்டக்காரராக இருந்தவர். ஆஃப் ஸ்பின் என்ற சுழற்பந்து வீச்சு அவருக்குப் பிற்பாடுதான் வந்தது. வருண் சக்கரவர்த்தி பள்ளி நாள்களில் விக்கெட் கீப்பர். இடையில் கட்டடக்கலை படித்து, அதற்குப் பிறகுதான் சுழற்பந்துக்கு வந்து சேர்ந்தார். அவர்களை 11 வயதில் பார்த்த எவராலும் இதைக் கணித்திருக்க முடியாது.

உங்கள் ஆடுகளம் 22 கஜம்தானே? அதாவது 20.12 மீட்டர், பெரியவர்களுக்கான அளவு. ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்கு முதல் நிலையில் அணிக்கு 7 பேரும் 16 மீட்டர் ஆடுகளமும், அடுத்த நிலையில் 9 பேரும் 18 மீட்டரும் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்து ஸ்டம்புகளைப் பெரியவர் மட்டையால் இரண்டு மட்டை நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக முன்னே நகர்த்தினாலே 18 மீட்டர் வந்துவிடும். பந்தும் பெரியவர்களுடையது போல 156 கிராமாக இல்லாமல் சிறுவர்களுக்கான 142 கிராம் பந்தாக இருக்கட்டும். தூரம் குறைந்ததும் வைடு குறையும். பந்து மட்டைக்கு எட்டும். அதுவரை பந்து வீசவே கூச்சப்பட்ட பிள்ளைகள் தாமாகக் கை உயர்த்திக் கேட்பார்கள்.

வலைப்பயிற்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 90 நிமிடத்தில் ஒரே வலையில் 14 பேர் என்றால், ஒருவர் மட்டைபிடிப்பது ஆறரை நிமிடம்கூட இல்லை. மற்ற நேரம் முழுவதும் நிற்பதுதான். மூவர் மூவராகப் பிரித்து டென்னிஸ் பந்தைக் கொடுத்து, ஒருவர் எறிய, ஒருவர் அடிக்க, ஒருவர் பிடிக்க என்று மாற்றி மாற்றி ஆடவிடுங்கள். மீதமுள்ள இருவரை நீங்கள் வலையில் கவனித்துக்கொள்ளலாம்.

பதில் 2: கோவைத் தாய்

சகோதரருக்கு வணக்கம். என் மகள் ஆடிய சிறுமியர் அணிக்கு நான் மூன்று ஆண்டுகள் பயிற்சி அளித்தேன். ஐயா சொன்ன வரிசைத்தாள் மைதானத்துக்குப் போதும். வீட்டுக்குத் திரும்பும் வழிக்கும் ஒரு விதி வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒருமுறை அவள் மிட் ஆனில் ஒரு கேட்சைத் தவறவிட்டாள். மைதானத்திலிருந்து வீடு வரை 20 நிமிடப் பயணம். அந்த நேரம் முழுவதும் கைகளை எப்படிக் குவித்திருக்க வேண்டும், கண்கள் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டே வந்தேன். நல்லெண்ணத்தோடுதான் பேசினேன். அடுத்த ஞாயிறு காலை அவளுக்கு வயிறு வலித்தது; அதற்கடுத்த ஞாயிறும் வலித்தது. மூன்றாவது வாரம்தான் எனக்குப் புரிந்தது. மற்றப் பெண்கள் ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரை மைதானத்திலேயே விட்டுவிட்டுத் தங்கள் அம்மாவோடு வீட்டுக்குப் போகிறார்கள். இவளுக்கு மட்டும் பயிற்சியாளரும் கூடவே வருகிறார்.

அன்றிலிருந்து, வண்டியைக் கிளப்பும் முன் என் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவேன். அதன்பிறகு அவளாகப் பேச்சை எடுத்தாலொழிய நான் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டேன். மைதானத்தில் அவள் என்னைக் 'கோச்' என்று அழைப்பாள். தொப்பி பைக்குள் போனதும் 'அம்மா'. சில வாரங்களில் அவளே கேட்கத் தொடங்கினாள். அப்போதும் கேட்டதற்கு மட்டுமே பதில் சொன்னேன். அவளுடைய மட்டைபிடிப்பில் திருத்தம் எதுவும் தேவைப்பட்டால், உதவிக்கு வந்த இன்னொரு பெற்றோரைக் கொண்டு சொல்லவைத்தேன்; அவர் மகளுக்கு நான் சொன்னேன். இந்த ஏற்பாடு இருவருக்குமே நிம்மதியாக இருந்தது.

உங்கள் மகன் கேட்ட கேள்விக்குத் தயவுசெய்து பதில் சொல்லிவிடுங்கள். "ஆமாம், கொடுத்திருப்பேன், நான் செய்தது தவறு" என்று சொன்னால் அவன் தாங்கிக்கொள்வான், நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதைத்தான் அவனால் தாங்கிக்கொள்ள முடியாது.

எல்லைக்கோட்டுப் பெற்றோர் பற்றி: கோபித்துக்கொள்ளாமல் வேலை கொடுங்கள். ஒருவரிடம் ஸ்கோர் புத்தகம், ஒருவரிடம் தண்ணீர், ஒருவரிடம் யார் எத்தனை பந்து வீசினார்கள் என்ற கணக்கு. ஒரு கூட்டம் கூட்டி, பந்து வந்துகொண்டிருக்கும் அந்த ஒரு நொடியில் "அடி", "விடு", "ஓடு" என்று மூன்று குரல்கள் கேட்டால் 10 வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று கேளுங்கள். கைதட்டலாம், பெயர் சொல்லிப் பாராட்டலாம், எதிரணியையும் பாராட்டலாம், ஆனால் யோசனை மட்டும் சொல்லக் கூடாது என்று எங்கள் அணியில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரே ஒரு தந்தை மட்டும் கடைசிவரை மாறவில்லை. அவரை நடுவராக நிற்கவைத்தோம், அதற்குப் பிறகு அவரும் அமைதியாகிவிட்டார்.

பதில் 3: இயன்முறை மருத்துவர்

அந்தப் பையனின் முதுகுவலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வலியின் காரணம் தெரியும்வரை அவன் பந்து வீச வேண்டாம்; எலும்பு மருத்துவரிடம் விரைவில் காட்டச் சொல்லுங்கள். வளரும் வயதில் வேகமாக வீசுபவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் உண்டாகும் மெல்லிய வெடிப்பு) ஏற்படுவது எங்கள் துறையில் நன்கு அறியப்பட்டது. வலக்கையால் வீசுபவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில், பின்னால் வளையும்போது கூடுதலாக வலிக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், வலி நீடித்தால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பும்ரா 2022இல் இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தவறவிட்டது முதுகில் ஏற்பட்ட காயத்தால்தான்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்கு உட்பட்ட வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு, தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் மொத்தம் 10 ஓவர். அதை உச்ச வரம்பாகக் கொள்ளுங்கள்; இலக்காக அல்ல. பள்ளி அணியிலும் வலையிலும் வீசும் பந்துகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; முதுகுக்கு எல்லாம் ஒன்றே.

காவிரிக்கரைத் தந்தை (இரண்டு வாரங்களுக்குப் பின்)

அனைவருக்கும் நன்றி. பையனை மருத்துவரிடம் காட்டினார்கள். தசைப்பிடிப்புதான், ஆறு வாரம் பந்து வீச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவன் தாயாரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவன் மட்டை பிடிக்கிறான். பந்துக் கணக்கு எழுதும் நோட்டும் அவன் கையில்தான்.

ஸ்டம்புகளை முன்னே நகர்த்தினோம். வைடு பாதியாகக் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு இன்னும் ஆட்டங்கள் நடக்கவில்லை, ஆனால் அணியிலுள்ள சிறுமியர் இருவரும் முதன்முறையாக முழு ஓவர் வீசி முடித்தார்கள். மகனிடம் தவறை ஒப்புக்கொண்டேன். "சரிப்பா" என்றான், அவ்வளவுதான். போன வாரம் வரிசைப்படி அவனுக்கு விக்கெட் காப்பு வந்தது. வீடு வந்து சேரும்வரை அவனே பேசிக்கொண்டு வந்தான், நான் கேட்டுக்கொண்டு வந்தேன். இனி விக்கெட் காப்பையே தொடர்ந்து செய்ய வேண்டும் என்கிறான். கீப்பிங் கையுறை பெரியவர் அளவில்தான் எங்களிடம் இருக்கிறது, விரல் நுனி மடங்குகிறது. 11 வயதுக் கைக்குப் பொருந்தும் அளவைக் கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஆசிரியர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.